பழைய கார், புதிய பாட்டு

காரின் ஆயுள் நீண்டது. இசை கேட்கும் கருவிகளின் ஆயுள் குறுகியது. நம் நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகிறது. வண்டி தகுதியுடன் இருப்பின் அதன் பின்னரும் புதுப்பித்துக்கொள்ளலாம். இசையின் கதையோ வேறு. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, 2001-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐபாட், அதன் பின்னர் கைப்பேசி என ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்துள்ளன. 2022-இல் ஐபாடும் விடைபெற்றது. ஆகவே, வாசலில் நிற்கும் காரும் சட்டைப் பையிலுள்ள இசைப்பானும் வெவ்வேறு காலத்தவையாக இருப்பதில் வியப்பில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துவைக்கப் புதிய ஸ்டீரியோ வாங்கியே தீரவேண்டும் என்று பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலும் அதற்குத் தேவை எழுவதில்லை. பணப்பையைத் திறப்பதற்கு முன், நம் காரின் ஸ்டீரியோவில் என்னென்ன வழிகள் ஏற்கெனவே உள்ளன என்று ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

ஆக்ஸ்: எளிய வழி

ஸ்டீரியோவின் முகப்பிலோ கியர் அருகிலோ ‘ஆக்ஸ்’ என்று பொறித்த சிறு துளை உள்ளதா? அது ஹெட்போன் செருகும் துளையைப் போன்றே 3.5 மில்லிமீட்டர் அளவினது. இருபுறமும் செருகுமுனை கொண்ட ஒரு கம்பியே போதும். ஒரு முனையை இசைப்பானின் ஹெட்போன் துளையிலும் மறுமுனையை ஸ்டீரியோவிலும் செருகி, ஸ்டீரியோவில் ஆக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இசைப்பானின் ஒலியளவை முக்கால் பங்கில் வைத்து, மீதியை ஸ்டீரியோவில் கூட்டிக் குறைப்பது நல்லது. இசைப்பானில் மிகக் குறைவாக வைத்தால் இரைச்சல் மேலெழும். முழு அளவில் வைத்தால் சில கருவிகளில் ஒலி சிதறும். ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடினால், செருகுமுனை முழுதும் உள்ளே செல்லவில்லை அல்லது கம்பி பழுதடைந்துள்ளது என்று கொள்ளலாம்.

பாட்டோடு சேர்ந்து ‘உய்ங்’ என்ற ஓசை கேட்டு, எஞ்சினின் வேகத்துக்கேற்ப அது ஏறி இறங்கினால், சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓசை நின்றுவிட்டால், சார்ஜர் கம்பியும் ஆக்ஸ் கம்பியும் காரின் மின்சுற்றில் ஒரு வளையத்தை உண்டாக்கியதே காரணம். சார்ஜ் ஏற்றாமல் கேட்கலாம். அல்லது ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்னும் சிறு கருவியை ஆக்ஸ் கம்பியின் இடையில் பொருத்தலாம்.

யு.எஸ்.பி.: பென் டிரைவில் பாட்டு

யு.எஸ்.பி. துளையுள்ள ஸ்டீரியோவுக்கு இசைப்பானே வேண்டுவதில்லை. பாடல்களைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினால் போதும். ஆனால் பழைய ஸ்டீரியோக்கள் பல ‘ஃபேட் 32’ என்ற முறையில் வடிவமைத்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த கொள்ளளவும் எம்.பி. 3 வடிவப் பாடல்களும் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. மறுவடிவமைப்புச் செய்தால் உள்ளே இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முதலில் அவற்றைக் கணினியில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் உள்ள யு.எஸ்.பி. துளை சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே உரியது; அதன் வழியே பாட்டு வாராது.

புளூடூத்: அழைப்பு வேறு, பாட்டு வேறு

கைப்பேசி அழைப்பு ஸ்பீக்கரில் கேட்கிறது. பாட்டு மட்டும் கேட்கவில்லை. பழைய கார்களில் இத்தகைய குறையைக் காணலாம். புளூடூத்தில் அழைப்புக்கும் இசைக்கும் தனித்தனி நெறிமுறைகள் உண்டு. முதலாவது மட்டுமே உள்ள ஸ்டீரியோவில் எவ்வளவு முயன்றாலும் பாட்டு ஒலிக்காது. ஆக்ஸ் துளையிருந்தால், அதில் செருகும் சிறிய புளூடூத் ரிசீவரே இதற்கு மருந்து.

கேசட் மட்டும் உள்ள கார்

ஆக்ஸும் இல்லாத கார்களுக்கு இரு வழிகள் உண்டு. முதலாவது கேசட் அடாப்டர். கேசட் வடிவிலுள்ள இதில் நாடாவுக்குப் பதிலாக ஒரு சிறு காந்தத் தலை உள்ளது. இசைப்பானிலிருந்து வரும் மின்னலைகளை அது காந்தப்புல மாற்றங்களாக்க, பிளேயரின் தலை அவற்றை நாடாவிலிருந்து வருவனவாகவே எண்ணிப் படிக்கிறது. இரண்டாவது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் துளையில் செருகப்படும் இக்கருவி, பாட்டை எஃப்.எம். அலையாக அனுப்புகிறது, ஸ்டீரியோவை அதே அலைவரிசையில் வைத்துக் கேட்க வேண்டும். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் எந்த நிலையமும் ஒலிக்காத இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இதன் சூட்சுமம். நிலையங்கள் நெருக்கமாக உள்ள பெருநகரங்களில் அது கடினம்; ஊர் மாறும்போது அலைவரிசையையும் மாற்ற நேரும். ஒலித்தரத்தில் இது கம்பி இணைப்புக்கு ஈடாகாது.

ஸ்டீரியோவையே மாற்றுவதென்றால்

சிலருக்கு மாற்றுவதே பொருத்தமாக இருக்கலாம். காரிலுள்ள இடம் 180-க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள ‘சிங்கிள் டின்’ வகையா, 180-க்கு 100 அளவுள்ள ‘டபுள் டின்’ வகையா என்று முதலில் அளந்தறிய வேண்டும். காரின் மூலக் கம்பிகளை வெட்டி ஒட்டாமல், அந்தக் காருக்குரிய கப்ளரைக் கொண்டே இணைக்கும்படி மெக்கானிக்கிடம் வலியுறுத்துவோம். வெட்டிய கம்பி மின்கசிவுக்கு வழிவகுக்கும். காரின் உத்தரவாதத்தைக் கோரும்போதும் தடையாகும். தொழிற்சாலையில் பொருத்தப்படாத மின்சாதனத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்வதும் அவசியம். அவ்வாறு சேர்க்காத ஸ்டீரியோ திருடுபோனால் இழப்பீடு பெறுவது அரிது.

பாட்டோடு போகும் தகவல்

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் மிகுந்த கவனம் செலுத்தவேண்டிய இடம் இதுவே. கைப்பேசியைக் காருடன் இணைக்கும்போது, தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க ஸ்டீரியோ அனுமதி கேட்கும். பாட்டு கேட்பதற்கு இவ்விரண்டில் எதுவும் தேவையில்லை. செய்தி அனுமதியை அளித்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் காரின் திரையில் தோன்றலாம். சில கார்கள் அதை உரக்கப் படிக்கவும் கூடும். வாடகைக் காரில் இவ்வனுமதிகளை மறுத்துவிடுவதே அறிவு. பிறர் தரும் கம்பியில் சார்ஜ் ஏற்றும்போது ‘தரவைப் பகிரவா?’ என்று கைப்பேசி கேட்டால், அதற்கும் மறுப்பே தக்க விடை.

காரை விற்கும் நாளில் ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டையும் மறவாமல் கவனிக்கும் நாம், ஸ்டீரியோவை மறந்துவிடுகிறோம். அதன் நினைவகத்தில் நம் உறவினர், நண்பர் எண்களும் அழைப்புப் பட்டியலும் தங்கியிருக்கக்கூடும். சாவியைக் கொடுப்பதற்கு முன் இணைந்த கைப்பேசிகளின் பட்டியலை அழித்து, ஸ்டீரியோவைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட வேண்டும். பென் டிரைவையும் கழற்றிக்கொள்வோம்; பாடல்களுடன் குடும்பப் படங்களோ ஆவணங்களோ அதில் இருந்துவிடலாம்.

கண் சாலையில்

இணைப்பு வேலை எதுவாயினும் கார் நின்றிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 2 விநாடிகளில் ஏறத்தாழ 44 மீட்டரைக் கடந்துவிடுகிறது. அடுத்த பாட்டைத் தேடும் நேரத்தில் அத்தனை தூரத்தையும் நாம் பாராமலே கடக்கிறோம். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. முதல் குற்றத்துக்கான அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

பயணத்துக்கு வேண்டிய பாடல்களைப் புறப்படுவதற்கு முன்பே வரிசைப்படுத்தி வைத்துவிட்டால், வழியில் கையை நீட்டவேண்டிய தேவையே எழாது. பாட்டை மாற்றும் பொறுப்பை அருகில் அமர்ந்திருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.