பெட்ரோல் வரும் வழி



செம்பனைக் காட்டில் தோளில் மாட்டிப் புல்வெட்டும் இயந்திரம் இரண்டு நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோனால் அன்றைய வேலை கெடுகிறது. “கார்புரேட்டர் கெட்டுவிட்டது” என்று உடனே அதைப் பிரித்துப் போடுவது பலருடைய வழக்கம். ஆனால் டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரையில் பெட்ரோல் வரும் வழியை முதலில் ஆராய்வதே முறை. டாங்கி மேலேயும் கார்புரேட்டர் கீழேயும் அமைந்த, மிதவை வைத்த இயந்திரங்களைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

கார்புரேட்டரின் வேலை என்ன? பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுப்பது. எடையளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். டாங்கியிலிருந்து இறங்கும் பெட்ரோல் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் நிறைகிறது. தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலெழுந்து பைப்பை அடைப்பது போல, கிண்ணத்திலுள்ள மிதவை உயர்ந்து ஓர் ஊசியைத் தள்ளி வழியை மூடுகிறது. பிறகு, ஜெட் எனப்படும் நுண்ணிய துளை வழியாகப் பெட்ரோல் காற்றோடு சேர்கிறது.

இனி, சோதனையைத் தொடங்குவோம். இயந்திரத்தை நிறுத்தி, சூடு ஆறியபின், பிளக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். வேலை வெட்டவெளியில் நடக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பையோ சிகரெட்டையோ எட்டினால் பற்றிக்கொள்ளும்.

முதலாவது, டாங்கி மூடி. டின்பாலில் ஒரே ஓட்டை போட்டால் பால் சரியாக வடியாது. காற்று நுழைய மற்றோர் ஓட்டை வேண்டும். மூடியிலுள்ள சிறு துளையும் அதற்காகவே இருக்கிறது. மூடியைத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், அந்தத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ரப்பர் குழாய். அதைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டு, பெட்ரோல் பைப்பைத் திறந்து பார்ப்போம். பெட்ரோல் ஒரே தாரையாக வந்தால் அதுவரை வழி சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டியிலோ பைப்பிலோ குழாயிலோ அடைப்பு உண்டு. போத்தலின் அடியில் முத்து முத்தாக ஏதேனும் நின்றால் அது தண்ணீர். அந்தப் பெட்ரோல் உதவாது.

மூன்றாவதாகத்தான் கார்புரேட்டர். கிண்ணத்தைக் கழற்றி அழுக்கைத் துடைத்து, ஜெட்டைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யலாம். கம்பியை நுழைக்கக் கூடாது. பித்தளைத் துளை சிறிது விரிந்தாலும் பெட்ரோல் அளவு மீறிப் போகும்.

பெட்ரோல் வராததற்கு மாறாக, வழிந்துகொண்டே இருந்தால்? ஊசியின் கீழே அழுக்கு அகப்பட்டிருக்கும். இல்லையேல் மிதவை ஓட்டையாகியிருக்கும். மிதவையைக் காதருகே ஆட்டினால், உள்ளே புகுந்த பெட்ரோல் சலசலக்கும். அப்படியானால் புதிய மிதவை மாற்ற வேண்டியதுதான்.

சில வாரங்களுக்கு இயந்திரம் சும்மா இருக்குமானால், பைப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற கசடு ஜெட்டை அடைத்துவிடும்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சவே கூடாது. ஒரு வாய் தவறி நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கே ஆபத்து. மிஞ்சிய பெட்ரோலைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதும் பெருந்தவறு. தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது பானமாகத் தெரியும். யாரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு பெட்ரோல் நுரையீரலுக்குள் புகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மூடி, குழாய், கார்புரேட்டர் என்ற இந்த வரிசையை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். பெட்ரோலைத் தொடும் வேலையை மட்டும் பெரியவர்களே செய்வோம்.