கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்

கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். வல்லுநர்கள் அதனை முதலில் மனிதர் படித்தறியத்தக்க வடிவில் எழுதுகின்றனர். அவ்வடிவுக்கு மூலநிரல் என்று பெயர். வணிக நிறுவனங்கள் பல மூலநிரலை மறைத்துவிட்டு, பயன்படுத்தும் உரிமையை மட்டும் விற்கின்றன. மூலநிரலைக் காணவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருளாகும். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் இதற்கென ஓர் இயக்கம் கண்டார். பின்லாந்து மாணவர் லினசு டோர்வால்ட்சு 1991இல் வெளியிட்ட லினக்சு அதற்கு வலிவூட்டியது.

பொதுக்கல்விக்கு இதனால் விளையும் பயன் யாது? கேரளம் தக்க சான்றாகும். அம்மாநில அரசு 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் வணிக மென்பொருளே பாடமாயிற்று. ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளை அரசுப் பள்ளியில் பாடமாக்குவது முறையாகுமா என்று ஆசிரியர்கள் வினவினர். பின்னர்ப் பள்ளிகள் படிப்படியாக லினக்சுக்கு மாறின. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. பள்ளிகளின் 2 இலட்சம் கணினிகளுக்கெனப் புதுப்பித்த இயங்குதளத்தை அந்நிறுவனம் 2019இல் வெளியிட்டது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் கணக்கிட்டது.

பணம் மிஞ்சுவது ஒரு பயனே. பள்ளியில் பயிலும் அதே மென்பொருளை ஏழை மாணவனும் காசின்றி, சட்டத்துக்கு முரணின்றி, வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அதன் உள்ளமைப்பை ஆராயலாம். மலையாளம் போன்ற மொழியினர், இலாபம் கருதும் நிறுவனத்தின் தயவுக்குக் காத்திராமல், தம் மொழியைத் தாமே கணினியில் ஏற்றலாம்.

எனினும், விலையில்லாததால் செலவேயில்லை என்று எண்ணுவது பிழை. பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பொருள் வேண்டும். ஆட்சியாளர்க்கு உறுதியும் வேண்டும். செருமனியின் மியூனிக் நகராட்சி 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. ஆயினும், 2017இல் நகர மன்றம் விண்டோசுக்குத் திரும்ப முடிவு செய்தது. கேரளமோ ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, பாடநூல்களையும் அம்மென்பொருளுக்கேற்ப அமைத்தது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிலைத்தது.

மக்கள் வரிப்பணத்தில் நடப்பது பொதுப்பள்ளி. அங்கே குழந்தைகள் கையாளும் கருவி திறந்து பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். மூடிய பெட்டியை இயக்கப் பழகுவது பயிற்சி. அதனைத் திறந்து காரணம் அறிவதே கல்வி.