எஞ்சினின்றி வானில் ஒரு நாள்

தொழில் நிமித்தம் வடக்கிலும் மேற்கிலும் குடியேறிய நம்மவர், ஊர் வரும்போது திருமலைக்குச் சென்று வருவது வழக்கம். அலிபிரியிலிருந்து படியேறுவோர் இளைப்பாறும் வேளையில் தலை நிமிர்ந்து நோக்கினால், மலைச் சரிவுக்கு மேலே பருந்து ஒன்று சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயர்வதைக் காணலாம். திருப்பதி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருமலையோ ஏறத்தாழ 850 மீட்டர். சமவெளியில் வீசிவரும் காற்று இப்பெருஞ்சுவரில் மோதியதும் மேல்நோக்கித் திரும்புகின்றது. வெயிலில் காய்ந்த பாறைகளை ஒட்டிய காற்றும் சூடேறி எழுகின்றது. அவ்வாறு காற்று எழும் இடத்தை அறிந்து அங்கே தங்குவதே பருந்தின் வித்தை.

அதே வித்தையை மனிதன் பயில்வதற்கு அமைந்த ஊர்திதான் கிளைடர் என்னும் எஞ்சினில்லா விமானம். இந்தியாவில் இக்கலையைப் பரப்பச் சிவில் விமானத் துறை முயன்றது. புணேயை அடுத்த ஹடப்சரில் அரசின் கிளைடர் பயிற்சி நிலையம் அமைந்தது. தில்லியில் இருந்த அத்துறையின் தொழில்நுட்ப மையத்தில், எஸ். ராமாமிர்தம் முதலியோரால், நம் நாட்டுக்கென்றே கிளைடர்கள் வரையப்பெற்றன. அவற்றின் பெயர்கள் நமக்குப் புதியன அல்ல: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிடம், ஆருத்ரா. நட்சத்திர வரிசையின் முதல் ஆறும் இவற்றில் அடங்கியிருப்பதை நேயர்கள் உடனே உணர்வார்கள். 1958-இல் அசுவினியும், 1961-இல் ரோகிணியும், 1963-இல் கார்த்திக்கும் முதன்முதலாகப் பறந்தன. ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரலாம்.

கிளைடர் கழகம் ஒன்றில் ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்பதை இனிக் காண்போம்.

விடியற்காலையில் கொட்டகையின் கதவுகள் திறக்கப்படுகின்றன. கிளைடரைப் பலர் சேர்ந்து கையால் தள்ளி மைதானத்துக்குக் கொணர்கின்றனர். இறக்கைகளை உடலோடு இணைக்கும் முளைகள், சுக்கானை அசைக்கும் கம்பிகள், கம்பியைக் கழற்றிவிடும் கொக்கி ஆகிய ஒவ்வொன்றும் கையால் தொட்டுச் சோதிக்கப்படுகின்றன. பின்னர்க் காற்றின் திசை பார்த்து, அதற்கு எதிர்முகமாகக் கிளைடரை நிறுத்துகின்றனர்.

மைதானத்தின் மறுகோடியில் வின்ச் என்னும் இழுபொறி நிற்கின்றது. அதன் உருளையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி இழுத்து வரப்பட்டுக் கிளைடரில் மாட்டப்படுகின்றது. ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்து மட்டமாக நிறுத்துகின்றார். சைகை கிடைத்ததும் வின்ச் கம்பியைச் சுருட்டுகின்றது. சிறுவன் நூலை இழுத்தபடி ஓட, பட்டம் எழுவதைப் போலக் கிளைடர் செங்குத்தாக ஏறுகின்றது. ஒரு நிமிடத்துக்குள் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் கிட்டுகின்றது. விமானி கம்பியைக் கழற்றிவிடுகின்றார். பிறகு காற்றின் ஓசையன்றி வேறு ஓசை இல்லை.

இனி எது அதைத் தாங்குகின்றது? உண்மையில் கிளைடர் எந்நேரமும் இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றது. சரிவில் உருளும் மிதிவண்டியைப் போல, இறங்குவதாலேயே அதற்கு வேகம் கிடைக்கின்றது. பயிற்சிக் கிளைடர் 1 மீட்டர் இறங்குவதற்குள் 20 மீட்டருக்குமேல் முன்னே செல்லும். நொடிக்கு 1 மீட்டர் வீதம் இறங்கினால், 300 மீட்டர் உயரம் என்பது 5 நிமிடம் செலவழிக்கக்கூடிய கைப்பணம். காலை நேரப் பறப்புகள் பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடும்.

வெயில் ஏறியபின் நிலைமை மாறுகின்றது. உழுத நிலமும் பாறையும் சூடேற, அவற்றின்மேல் உள்ள காற்று தூண்போல எழுகின்றது. அதன் உச்சியில் பஞ்சுப் பொதிபோல் வெண்முகில் தோன்றும். ஏற்ற இறக்கம் காட்டும் கருவியின் முள் மேலே நகர்ந்ததும் விமானி வட்டமிடத் தொடங்குகின்றார். காற்று நொடிக்கு 3 மீட்டர் எழுமாயின், தன் இறக்கம் போக, கிளைடர் நொடிக்கு 2 மீட்டர் உயரும். 5 நிமிடத்தில் 600 மீட்டர் சேரும். இவ்வாறு சேர்த்துச் சேர்த்து 5 மணி நேரம் வானில் நிற்பதும், 50 கிலோமீட்டர் செல்வதும், 1000 மீட்டர் உயர்வதும் உலக நாடுகள் ஏற்றுள்ள வெள்ளிச் சின்னத்துக்குரிய தகுதிகள்.

ஆயினும் இக்கலையின் உயிர்நாடி ஏறுவதில் இல்லை, திரும்புவதில் உள்ளது. எஞ்சின் உள்ள விமானி இறங்கும்போது பிழை நேருமாயின் மீண்டும் எழுந்து சுற்றி வரலாம். கிளைடர் விமானிக்கு அவ்வாய்ப்பு இல்லை, ஒரே முறைதான். ஆகவே, எவ்வளவு நல்ல முகில் அழைத்தாலும், மைதானம் சேர்வதற்கான உயரத்தை அவர் தொடாமல் காக்க வேண்டும். ஏறும்போது கம்பி அறுவதும் உண்டு. அக்கணமே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். தயங்கினால் கிளைடர் வேகம் இழந்து விழும். இதனால் ஆசிரியர், சொல்லாமலே கம்பியைக் கழற்றி மாணவரைச் சோதிப்பதுண்டு. இச்சோதனைகளில் தேறிய பின் ஒரு நாள், ஆசிரியர் கச்சையை அவிழ்த்து இறங்கிக்கொண்டு, "இனி நீங்களே சென்று வாருங்கள்" என்பார். அருகில் ஆசனம் வெறுமையாக இருக்க, பாரம் குறைந்த கிளைடர் முன்னைவிட விரைந்து ஏறும்.

அந்த மாணவர் தனியே பறப்பதாகத் தோன்றினும், கம்பி இழுத்தவர், இறக்கை பிடித்தவர், சைகை காட்டியவர், நேரம் குறித்தவர் எனப் பலரும் கீழே நிற்கின்றனர். சில நிமிடம் பறப்பதற்கு நாள் முழுதும் பிறருக்காக உழைக்க வேண்டும் என்பது கழகத்தின் எழுதாச் சட்டம். நீங்கள் வாழும் நகருக்கருகே இத்தகைய கழகம் இருக்குமாயின், விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். காலையிலேயே செல்லுங்கள், கிளைடரைத் தள்ளுவதற்கு எப்போதும் ஆள் தேவைப்படும்.