உங்களுக்குத் தெரியுமா? பாதிரியார் அச்சும் பஜனை சபையும்

வெள்ளைக்காரர் ஆட்சியில் பழமை பேசியவர்கள் ஒரு பக்கம், புதுமை பேசியவர்கள் மறுபக்கம் என்று பாடப்புத்தகம் கோடு கிழிக்கும். எர்ணாவூரைச் சுற்றியுள்ள வடசென்னையில் அந்தக் கோடு நேராகவே ஓடவில்லை.

● தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயில் நோயையும் பஞ்சத்தையும் பரப்புகிறது என்று 1909-ல் ‘இந்திய சுயராஜ்ய’த்தில் சாடினார் காந்தி. பிற்பாடு அதே ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறித்தான் நாடு முழுக்கச் சுற்றினார்.

● எர்ணாவூருக்குத் தெற்கே உள்ள திருவொற்றியூர், ஏழுகிணற்றில் வளர்ந்த வள்ளலார் (1823–1874) இளமையில் உருகி வழிபட்ட தலம். ‘வடிவுடை மாணிக்க மாலை’ இந்த ஊர் அம்மன் மேல் அவர் பாடியது. அந்தக் கோயில் பக்தர்தான் பின்னாளில் சாதி, சமய பேதங்களை உதறிவிட்டு, 1865-ல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்து, பசித்து வந்த எல்லோருக்கும் சோறு போட்டார்.

● அதே 1867-ல் அவருடைய பாடல்கள் ‘திருவருட்பா’ என அச்சேறின. தேவார, திருவாசகங்களுக்கே உரிய ‘திருமுறை’ என்ற பெயரை இவற்றுக்கும் சூட்டுவதா என்று கொதித்தார் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1869-ல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

● அப்படியானால் நாவலர் பழைய பஞ்சாங்கமா? பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் தமிழாக்கத்தில் உடன் உழைத்தவர் அவர். மிஷனரிகளின் பள்ளி, அச்சு, வினாவிடைப் புத்தகம் மூன்றையும் பார்த்துக் கற்று, சைவத்தைக் காக்க அவற்றையே கையிலெடுத்தார். 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அவருடைய அச்சுக்கூடம் இயங்கியது.

● இருவரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. நாவலர் கட்சிக்கு நா. கதிரைவேற்பிள்ளை, வள்ளலார் கட்சிக்கு மறைமலையடிகள். கதிரைவேற்பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்லப் போய், 1904-ல் பள்ளித் தேர்வைக் கோட்டைவிட்டார் அவருடைய மாணவர் ஒருவர். அவர்தான் திரு.வி.க.!

● அந்தத் திரு.வி.க. 1918-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் துணைத் தலைவரானார், தலைவர் பி.பி. வாடியா. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் இது முளைத்த இடம் ஸ்ரீவெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற வைணவ சபை. அதை நடத்திய செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இருவரிடமும்தான், பக்திச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் ஆலையில் படும் பாட்டையும் சொல்லி அழுதார்கள். சங்கம் வைக்க முதலில் முனைந்தவர்களும் அந்த இருவரே.