காய்ச்சல் வரவில்லையே என்று சந்தோஷப்படாதீர்கள்!

"ஒரு வருஷமா இவளுக்குச் சளி, காய்ச்சல்னு ஒண்ணு கிடையாது டாக்டர். உடம்பு கெட்டி. சாப்பாடுதான் இறங்க மாட்டேங்கு. பசி எடுக்க ஏதாச்சும் சூரணம் குடுங்க."

கோவில்பட்டியில் என் வைத்தியசாலைக்கு மகளை அழைத்து வந்த ஒரு தாய் சொன்னது இது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். கரிசல்காட்டு சித்திரை வெயிலில் அந்தக் கை ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது! கை முழுக்கப் பூனைமுடி. மாதவிலக்கு நின்று ஐந்து மாதம்.

பஞ்ச தீபாக்கினி சூரணம் கொடுத்து அனுப்பிவிட்டேன். எடைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. அது என் தப்பு. அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை. குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் பசியை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து லேசான இருமலோடு வந்தாள். தெர்மாமீட்டர் 97 டிகிரிதான் காட்டியது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. எடை போட்டால் 36 கிலோ! உடனே அரசு மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினேன். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை இரண்டிலும் காசநோய்.

காசநோய்க்குச் சாயங்காலக் காய்ச்சல் வருமே, இவளுக்கு ஏன் வரவில்லை?

காய்ச்சல் என்பது உடம்பு நடத்தும் சண்டை. உஷ்ணம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏற, உடம்பு வழக்கத்தைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக எரிக்க வேண்டும். விறகே இல்லாத அடுப்பு எப்படிக் கொதிக்கும்? பட்டினி முற்றினால் எலும்பு மஜ்ஜை கூழாகிறது. வெள்ளை அணுக்கள் குறைகின்றன. நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. சித்த மருத்துவம் சொல்லும் 'உடல் வன்மை' சரிவது இப்படித்தான். இவர்களில் பலருக்குச் சாதாரண சளிகூட வராமல் இருப்பதுண்டு. வீட்டில் அதை ஆரோக்கியம் என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே கிருமி புகுந்தாலும் வெளியே தெரிவதில்லை.

இது புதுசு இல்லை. 1689-ல் ரிச்சர்டு மார்ட்டன் என்ற லண்டன் மருத்துவர் உடம்பை உருக்கும் நோய்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். சாப்பாட்டை வெறுத்து எலும்பும் தோலுமான ஓர் இளம்பெண்ணைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உடம்பெல்லாம் குளிர்ந்திருந்தது என்று குறித்திருக்கிறார். அவள் பிழைக்கவில்லை.

ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் துவரம்பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் வெளியான முடிவு: அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அவர்கள் இல்லாமையால் மெலிந்தவர்கள். நம் பெண் வீட்டிலோ கம்பும் உளுந்தும் மூட்டையாகக் கிடக்கிறது. ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாதே!

இன்னொன்றும் பிறகுதான் வெளியே வந்தது. 'எடை குறைய' என்று யாரோ சொல்ல, தினமும் ராத்திரி நிலாவாரைப் பொடி சாப்பிட்டிருக்கிறாள். 'திருநெல்வேலி சென்னா' என்று வெளிநாட்டுக்குப் போவதும் இந்த இலைதான். நல்ல மருந்து, மலச்சிக்கலுக்குச் சில நாள் சாப்பிடலாம். ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். சத்தெல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் சேர்ந்துவிடும். ஆகவே கொழுப்பு குறையாது. நீரும் பொட்டாசியமும்தான் போகும். பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இப்படி மெலிந்துவிட்டால் பதறிப்போய் நெய்யும் லேகியமுமாக ஊட்டாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில வாரம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். மனநல மருத்துவர் கட்டாயம் வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலிமனஸ், காசு கிடையாது. நான் சூரணத்தை நிறுத்திவிட்டு, அவளோடு உட்கார்ந்து பேசுவதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆறு மாத மாத்திரை முடிந்தது. எடை 45 கிலோ. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் அம்மா ஓடி வந்தார்.

"டாக்டர், பிள்ளைக்கு உடம்பு கொதிக்கு! 101 இருக்கு!"

சளி, ரத்தம் எல்லாம் பரிசோதிக்கச் சொன்னேன். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். அம்மா அழுதுகொண்டிருந்தார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம்!