‘அது எப்படித் தெரியும், சார்?’

கடந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் செரிமான மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தில் இல்லாத ஒன்றிரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். அன்றும் அப்படித்தான், “காரம் அதிகம் சாப்பிட்டாலும், எப்போதும் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாலும் வயிற்றில் புண் வரும்” என்றேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “எங்க அப்பாவுக்கு வயித்துல புண்ணு சார். கிருமியால வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. ரெண்டு வாரம் மாத்திரை குடுத்தாங்க.”

“அது வேற ஏதாவது இருக்கும். உட்காரும்மா” என்றேன்.

உட்கார்ந்தபடியே மெல்லக் கேட்டாள்: “காரத்தால வரும்னு எப்படித் தெரியும், சார்?” இரண்டு பேர் சிரித்தார்கள். நான் காதில் விழாததுபோல் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்று மாலை தேடிப் படித்தபோது, அவள் சொன்னதே சரி என்று தெரிந்தது. நான் தவறாகச் சொன்னதைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. அவள் கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை. சிறு வயதில் வீட்டில் கேட்டதை அறிவியல் வகுப்பில் அறிவியலாகச் சொல்லியிருந்தேன். ‘எப்படித் தெரியும்?’ என்ற அந்தக் கேள்விக்கு வெவ்வேறு துறை ஆய்வாளர்கள் எப்படிப் பதில் தேடுகிறார்கள் என்று அதன்பிறகு படிக்கத் தொடங்கினேன். அதில் எனக்குப் பயன்பட்ட நான்கு செய்திகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மருத்துவம்: ஒரு மிடறு போதாது

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்தவர் ராபின் வாரன். இரைப்பை அழற்சி உள்ளவர்களின் திசுக்களில் வளைந்த வடிவப் பாக்டீரியாக்கள் இருப்பதை அவர் 1979இல் கவனித்தார். அமிலம் நிறைந்த இரைப்பையில் பாக்டீரியா வாழ முடியாது என்றே அன்று பலரும் நம்பினார்கள். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். அந்தப் பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சி மீண்டும் மீண்டும் தோற்றது. இரண்டு நாளில் ஒன்றும் வளராவிட்டால் வளர்ப்புத் தட்டுகளை எறிந்துவிடுவது வழக்கமாக இருந்தது. 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் சில தட்டுகள் கூடுதல் நாள்கள் அப்படியே இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தபோது பாக்டீரியா வளர்ந்திருந்தது. இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாக் கரைசலைத் தானே குடித்தார். சில நாள்களில் வாந்தி தொடங்கியது. இரைப்பை அழற்சியும் வந்தது. இந்த நிகழ்ச்சியை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் கண் விரியக் கேட்பார்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் கதையின் பாதிதான் சொன்னதாகும். அவருக்கு வந்தது அழற்சி, புண் அல்ல. குடித்தவரும் ஒரே ஒருவர். கிருமியை ஒழிக்கும் மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு, மருந்து பெற்றவர்களுக்குப் புண் மீண்டும் வருவது வெகுவாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகே மருத்துவ உலகம் ஏற்றது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாப் புண்ணுக்கும் இந்தக் கிருமியே காரணம் என்பதும் இல்லை. சில வலி நிவாரணி மாத்திரைகளாலும் புண் வரலாம்.

பொருளியல்: ஒப்பிட யார் இருக்கிறார்கள்?

நம் பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறோம். அதனால் பிள்ளைகளின் வருகை கூடுகிறதா என்று எப்படி அறிவது? மாத்திரை கொடுத்த பிறகு வருகை கூடினால் அதுவே சான்று என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த மாதம் மழை குறைந்திருக்கலாம்; அறுவடை வேலை முடிந்திருக்கலாம்.

மைக்கேல் கிரெமர், எட்வர்ட் மிகுவல் என்ற பொருளியலாளர்கள் கென்யாவின் புசியா பகுதியில் 1998இல் தொடங்கிய ஒரு திட்டத்தை ஆராய்ந்தார்கள். 75 தொடக்கப்பள்ளிகள் பட்டியலிடப்பட்டு, வரிசையாக எண்ணி மூன்று பிரிவாக்கப்பட்டன. எந்தப் பள்ளி எந்தப் பிரிவில் என்பதில் யாருடைய விருப்பமும் நுழையவில்லை. ஒரு பிரிவுக்கு முதலில், அடுத்த பிரிவுக்கு மறு ஆண்டு, கடைசிப் பிரிவுக்கு அதற்கும் பிறகு மாத்திரை கிடைத்தது. காத்திருந்த பள்ளிகளே ஒப்பீட்டுக்கு உதவின. மழையும் அறுவடையும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுதானே!

மாத்திரை பெற்ற பள்ளிகளில், வராத நாள்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தன என்று 2004இல் வெளியான அவர்கள் கட்டுரை கூறியது. தேர்வு மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் அதே கட்டுரை மறைக்காமல் சொன்னது. பின்னர் வேறொரு குழு அதே தரவுகளை வாங்கி மறுபடி கணக்கிட்டு, சில கணக்கீட்டுப் பிழைகளைக் கண்டுபிடித்தது. முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற விவாதம் அறிஞர்களிடையே பல ஆண்டுகள் நடந்தது. தங்கள் தரவைப் பிறர் சரிபார்க்கக் கொடுத்ததால்தான் அந்த விவாதமே சாத்தியமானது. வறுமை ஒழிப்பில் இத்தகைய சோதனை முறையை வளர்த்ததற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோருடன் கிரெமருக்கு 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சமய வரலாறு: கல்லும் ஏடும்

வரலாற்றில் சோதனை செய்து பார்க்க முடியாதே என்று எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் டீச்சரிடம் கேட்டேன். “முடியாது சார். ஆனா ரெண்டு சாட்சியைத் தனித்தனியா விசாரிக்கலாம்” என்றார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு அசோகர்.

1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துகளைப் படித்தறிந்தபோது, கல்வெட்டுகளில் ‘தேவானாம்பிய பியதசி’ என்ற அரசர் பெயர் வந்தது. இலங்கை மன்னர் ஒருவராக இருக்கலாம் என்றே பிரின்செப் முதலில் எண்ணினார். இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர், பாலி மொழி நூலான தீபவம்சத்தில் பியதசி என்பது அசோகரைக் குறிப்பதைக் கண்டு தெரிவித்தார். 1915இல் இன்றைய கர்நாடகத்தின் மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் ‘அசோக’ என்ற பெயரே இருந்தது. கல்லும் ஏடும் ஒத்துப்போயின.

ஒத்துப்போகாத இடமும் உண்டு. கலிங்கப் போர் முடிந்ததும் அசோகர் மனம் மாறி உடனே பௌத்தரானார் என்று நாம் சொல்வதுண்டு. போரின் அழிவுக்காக அவர் வருந்தியதைப் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. இலங்கையின் பாலி நூல்களோ கலிங்கப் போரைப் பேசாமல், நிக்ரோதர் என்ற இளம் துறவியின் உபதேசத்தால் அசோகர் மாறினார் என்கின்றன. மஸ்கிக் கல்வெட்டில், தாம் பௌத்தராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆனதையும், சங்கத்தை நெருங்கி ஓராண்டுக்கு மேல் ஆனதையும் அசோகரே பிரித்துச் சொல்கிறார். ஆகவே ‘உடனே’ என்ற சொல்லை அந்த டீச்சர் இப்போது பயன்படுத்துவதில்லை. இதை யார், எப்போது, யாருக்காகச் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்ப்பதே அங்கே சோதனை.

பொறியியல்: உடையும்வரை பார்

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் 1952இல் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறி மத்தியதரைக் கடல் பகுதியில் விழுந்தன. 56 பேர் இறந்தார்கள்.

காரணம் அறிய, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு காமெட் விமானத்தின் உடலைப் பெரிய தொட்டியில் வைத்து, உள்ளும் புறமும் நீர் நிரப்பினார்கள். பறக்கும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தை உள்ளே நீரைச் செலுத்தியே திரும்பத் திரும்ப உண்டாக்கினார்கள். காற்றைப் பயன்படுத்தியிருந்தால் விமானம் வெடித்துச் சிதறித் தடயமே அழிந்திருக்கும். ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்த அந்த விமானம், தொட்டியில் மேலும் 1,836 சுற்றுகளுக்குப் பிறகு கிழிந்தது. சன்னல் மூலையில் அழுத்தம் குவிந்து, உலோகம் களைத்து, விரிசல் ஓடியிருந்தது.

விமானத்தை வடிவமைத்தவர்களும் முன்பே சோதித்திருந்தார்கள். ஆனால் சோதித்த பகுதியை அதற்கு முன் மிகை அழுத்தத்துக்கு உட்படுத்தியதில் அதன் உலோகம் இறுகியிருந்தது. அதனால் வழக்கமான விமானத்தைவிட அது மிக நீண்ட காலம் தாங்கியது. ‘சோதித்தோம்’ என்பது போதாது, எதை, எப்படிச் சோதித்தோம் என்பதும் முக்கியம். ஒரு கம்பியை இருபுறமும் மடக்கி மடக்கி உடைக்கச் சொன்னால், உலோகக் களைப்பை மாணவர்கள் விரல் நுனியிலேயே உணர்வார்கள்.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

நான்கு துறைகளுக்கும் கருவிகள் வேறு. ஆனால் நான்கிலும், ‘நான் நினைப்பது தவறாக இருந்தால் அது எங்கே தெரியவரும்?’ என்று கேட்டு, அந்த இடத்தைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. என் வகுப்புச் சுவரில் இப்போது மூன்று கேள்விகள் எழுதிய அட்டை தொங்குகிறது:

1. இதை யார் சொன்னார்கள்? அவர்களுக்கு எப்படித் தெரியும்?
2. எதனோடு ஒப்பிட்டார்கள்?
3. எதைக் கண்டால் இது தவறு என்று ஒப்புக்கொள்வோம்?

எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய நேரம் கிடைக்காது. வாரத்துக்கு ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எனக்குப் பதில் தெரியாதபோது, “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைக்கிறேன். பதில் கிடைக்கும்வரை அதை அழிப்பதில்லை.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறுநாளே வகுப்பில், “நேற்று நான் சொன்னது தவறு, இவள் சொன்னதே சரி” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரு நொடியில் நான் மூடிய வாயைத் திறக்க அத்தனை நாள் ஆயிற்று. பிறகு ஒருநாள், கொதிக்கவைத்த நீரில் கிருமிகள் இறந்துவிடும் என்று நான் சொல்லி முடித்ததும், மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும், சார்?”

அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினேன்.