படித்தவுடன் மறையும் கடிதம்

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து உண்டான பெண் அவள். ஏழாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். கடுகளவு துடிப்பு! சந்தோஷம் தாங்காமல் அந்த ஸ்கேன் படத்தை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "மூணு மாசம் ஆகட்டும்மா, யாருக்கும் சொல்லாதே" என்று போனிலும் சொன்னாள். அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. தன் தங்கைக்கு மட்டும் அனுப்பினாள். தங்கை அதைக் குடும்ப க்ரூப்பில் போட்டு விட்டாள். அதில் நாற்பது பேர். பூங்கொத்தும் கைகூப்பலுமாக வாழ்த்துகள் வந்து கொட்டின.

பத்தாவது வாரத்தில் துடிப்பு நின்று விட்டது. அதற்கப்புறம் இரண்டு மாதம், "என்னடி, வாந்தி குறைஞ்சுதா?" "வாய்க்கு என்ன வேணும் சொல்லு, பண்ணி அனுப்பறேன்" என்று விசாரிக்காத உறவு கிடையாது. ஒவ்வொருவருக்கும் விஷயத்தைச் சொல்லி, ஒவ்வொருவர் அழுகையையும் தேற்றி, அந்தப் பெண் பாதியாகி விட்டாள். அந்த அம்மாவைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. பேரன் பேத்திக்கு ஏங்கியவள், கையில் படம் இருந்தால் சும்மா இருப்பாளா?

அதுதான் விஷயம். படம் கையில் இருந்தது. பார்த்து முடித்ததும் தானாக மறைந்து போகும்படி அனுப்பியிருந்தால், அம்மா கண்குளிரப் பார்த்திருப்பாள். தங்கையின் போனுக்கு அது போயிருக்காது. "வாயால் சொல்லி விட மாட்டாளா?" என்கிறீர்களா? சொல்லலாம். ஆனால் காதில் போட்ட சேதிக்கும் நாற்பது பேர் கையில் இருக்கிற படத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இப்படி மறையும் செய்திகளைப் பற்றி நம் பெண்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். முழுசாகத் தெரிந்து கொள்வது நல்லது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஆதார் நகல், பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழ், பாங்க் கணக்கு எண் என்று வீட்டின் அந்தரங்கம் முழுவதும் இப்போது செல்போன் வழியாகத்தானே போய் வருகிறது!

முன்பெல்லாம் நம் வீடுகளில் கார்டு, இன்லண்ட் லெட்டர் என்று இரண்டு வகை உண்டு. "கொலு பார்க்க வரவும்" என்றால் கார்டு. "மாப்பிள்ளை வீட்டில் இன்னும் ஐந்து சவரன் கேட்கிறார்கள்" என்றால் ஒட்டி மூடிய இன்லண்ட் லெட்டர். கார்டைத் தபால்காரரும் படிக்கலாம், பக்கத்து வீட்டு மாமியும் படிக்கலாம். செல்போனில் சாதாரண எஸ்.எம்.எஸ். என்பது ஏறக்குறையக் கார்டு மாதிரிதான். வழியில் இருக்கும் கம்பெனி நினைத்தால் படிக்க முடியும்.

வாட்ஸ்அப், சிக்னல் போன்றவை ஒரு படி மேல். அவற்றில் உங்கள் போனிலேயே செய்தி பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கும். இதைத்தான் 'என்க்ரிப்ஷன்' என்கிறார்கள். பூட்டு சரி, சாவி எப்படிப் போய்ச் சேரும்? சாவியையும் அதே தபாலில் அனுப்பினால் வழியில் எடுத்துக் கொள்ள மாட்டார்களா? ரொம்ப காலம் உலகத்தையே திண்டாட வைத்த கேள்வி இது! 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு வழி சொன்னார்கள்.

அதை நம் சமையலறை பாஷையில் சொல்கிறேன். சாவி இல்லாமலே அமுக்கினால் பூட்டிக் கொள்ளும் பூட்டு இருக்கிறது அல்லவா? அப்படி ஒரு பூட்டைத் திறந்தபடி அம்மாவுக்கு அனுப்புகிறீர்கள். சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கிறது. அம்மா சம்படத்தில் கடிதத்தை வைத்து, உங்கள் பூட்டைப் போட்டு அமுக்கி அனுப்புகிறாள். அமுக்கிய பிறகு அம்மாவாலேயே திறக்க முடியாது! வழியில் யார் கையில் சிக்கினாலும் வெறும் சம்படம்தான். இந்த வேலையை இரண்டு போன்களும் நமக்குத் தெரியாமல் தாமாகவே செய்து கொள்கின்றன. வாட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லோருக்குமே இந்தப் பூட்டு உண்டு. டெலிகிராமில் மட்டும் சாதாரண உரையாடலுக்கு இப்படிப்பட்ட பூட்டு இல்லை. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. பலருக்கு இது தெரியாது.

பூட்டு வழித்திருடனுக்குத்தான். சம்படம் போய்ச் சேர்ந்து, திறந்து, கடிதம் மேஜை மேல் கிடந்தால்? அதற்குத்தான் மறையும் செய்தி.

வாட்ஸ்அப்பில் ஒருவருடைய பெயரைத் தொட்டு உள்ளே போனால் 'டிஸ்அப்பியரிங் மெசேஜஸ்' என்று இருக்கும். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கெடு வைக்கலாம். 2020-ல் வந்தபோது 7 நாள் மட்டும்தான் இருந்தது. சிக்னலில் சில விநாடியிலிருந்து நான்கு வாரம் வரை வைத்துக் கொள்ளலாம். படத்துக்கு இன்னொரு சௌகரியம்: அனுப்பும் முன் பக்கத்தில் வட்டத்துக்குள் '1' என்று தெரிவதைத் தொட்டு விட்டால், பெறுபவர் ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். அதை யாருக்கும் அனுப்பவும் முடியாது. ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க விடாது. பதினாலு நாள் திறக்காமலே விட்டாலும் போய் விடும்.

"அப்ப கவலையே இல்லை!" என்று எண்ணி விடாதீர்கள். இன்னொரு போனை எடுத்து அந்தத் திரையையே படம் பிடித்தால் யார் என்ன செய்ய முடியும்? கெடு வைத்த செய்தியை மறைவதற்குள் வேறு க்ரூப்புக்கு அனுப்பி விட்டால் அங்கே அது பாட்டுக்கு இருக்கும். கெடுவுக்கு முன் போன் பேக்கப் எடுத்திருந்தால் அதிலும் ஒரு பிரதி போயிருக்கும். படங்கள் தானாக காலரியில் சேரும்படி சிலர் வைத்திருப்பார்கள். செய்தி மறைந்தாலும் படம் அங்கே சிரித்துக் கொண்டிருக்கும்!

என்னைக் கேட்டால், நம் வீடுகளில் ரகசியம் போவது இத்தனை பெரிய ஓட்டை வழியாகக்கூட இல்லை. போன் ஹாலில் டிவி ஸ்டாண்டு மேல் சார்ஜில் கிடக்கும். செய்தி வந்ததும் பூட்டிய திரையிலேயே முதல் இரண்டு வரி பளிச்சென்று தெரியும். நாத்தனார் படிப்பாள், பேப்பர் எடுக்க வந்த மாமனார் படிப்பார், நாலு வயசுக் குழந்தை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிக்கும். செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்' பகுதிக்குப் போய், பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி முதலில் நிறுத்துங்கள். அடுத்து வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கு எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று காட்டும். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் உடனே வெளியேற்றி விடுங்கள். உங்கள் போனை ஒரு நிமிஷம் கையில் வாங்கி இந்த இணைப்பைப் போட்டு வைத்து, மனைவியின் பேச்சை மாதக் கணக்கில் படிக்கும் புருஷர்களும் இருக்கிறார்கள். அங்கே எந்தப் பூட்டும் உதவாது.

சரி, பாஸ்வேர்டு மாதிரி சமாசாரங்களை எப்படி அனுப்புவது? ஹாஸ்டலில் இருக்கும் பையன், "அம்மா, பீஸ் கட்டணும், பாஸ்வேர்டு அனுப்பு" என்கிறான். எது எதற்கு என்று சேர்த்து எழுதாதீர்கள். பாங்க் பெயரும் கணக்குப் பெயரும் அவனுக்கே தெரியும். பாஸ்வேர்டில் பாதியை மறையும் செய்தியாக அனுப்பி, மீதியைப் போனில் வாயால் சொல்லுங்கள். ஒரு பாதி யார் கையில் கிடைத்தாலும் பிரயோஜனமில்லை. வேலை முடிந்ததும் மாற்றி விடுங்கள். ஒரு தடவை திறந்ததும் அழிந்து போகும் குறிப்பை எழுதித் தரும் தளங்களும் உண்டு. நீங்கள் எழுதியதும் ஒரு இணைப்பு தருவார்கள்; அதைத் தொட்டுப் படித்தால் அத்தோடு சரி. உங்கள் பையன் தொடும்போது, "ஏற்கெனவே படிக்கப்பட்டது" என்று வந்தால் அரக்கு முத்திரை உடைந்த கடிதம் மாதிரி. வேறு யாரோ படித்திருக்கலாம், உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். ஆனால் இந்தத் தளங்களைப் போலவே பெயர் வைத்த போலித் தளங்களும் இருக்கின்றன. பணம் சம்பந்தப்பட்டது எதையும் அங்கே எழுதாதீர்கள்.

ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின், ஓ.டி.பி. மூன்றையும் எந்த வகையிலும் அனுப்பவே கூடாது. "வீட்டுக்காரருக்குமா?" என்றால், அவருக்கும்தான். 2013-ல் பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், கைக்குழந்தையை விட்டுப் போக முடியாமல் கணவரிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். மெஷினில் சீட்டு வந்தது, பணம் வரவில்லை. கணக்கில் மட்டும் கழிந்து விட்டது. பின் நம்பரை இன்னொருவருக்குச் சொன்னது விதிப்படி தப்பு என்று பாங்க் சாதித்தது. வருஷக்கணக்கில் நடந்த வழக்கில் 2018-ல் நுகர்வோர் மன்றமும் பாங்க் பக்கமே சொன்னது. பச்சை உடம்புக்காரி வேறு என்ன செய்வாள் என்று நமக்குத் தோன்றுகிறது, சட்டத்துக்குத் தோன்றவில்லை. செல்ஃப் செக்கோ அனுமதிக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டுமாம்.

பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை, அனுப்பத்தான் வேண்டும். "பணம் போடறோம், பின்னைப் போடுங்க" என்று எவன் சொன்னாலும் போனை வைத்து விடுங்கள். ஏமாந்து விட்டால் அழுது கொண்டிராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கம் மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' அனுப்பினாலே பல இடங்களில் போதும்.

வயசுப் பெண்கள் உள்ள வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "ஒரு தடவை பார்த்தா அழிஞ்சிடும், பயப்படாதே" என்று சொல்லித்தான் பல பையன்கள் பெண்களிடம் படம் கேட்கிறார்கள். இன்னொரு போனால் பிடித்து விடலாம் என்பதைப் பெண்ணிடம் சாவகாசமாக, திட்டாமல் சொல்லி வையுங்கள். அப்படியே ஏதாவது நடந்து விட்டாலும், "அம்மாகிட்ட சொன்னா கொன்னுடுவா" என்று அவள் நினைக்கும்படி விடாதீர்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் மேலும் மேலும் மிரட்டுவான். சம்மதமில்லாமல் ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயிலுக்கு அனுப்பக் கூடிய குற்றம்.

மறைய விடக் கூடாத செய்திகளும் உண்டு. மாமியார் வீட்டிலிருந்து வரும் வரதட்சணை மிரட்டல், அசிங்கமாக எழுதும் அடுத்த தெருக்காரன், "உன்னை என்ன செய்யறேன் பார்" என்று குடித்து விட்டு அனுப்பும் கணவன்... இதெல்லாம் கண்ணில் படவே வேண்டாம் என்று நாமே அழித்து விடுகிறோம். அழிக்காதீர்கள். எதிராளியே மறையும் செய்தியாக அனுப்பினாலும், தேதியும் நம்பரும் தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசும்போது அதுதான் கை கொடுக்கும்.

டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டும், குழந்தையின் தடுப்பூசிக் கணக்கும்கூட மறையும் செய்தியில் இருந்து பயனில்லை. பிரதி எடுத்து ஃபைலில் போடுங்கள். எந்த பாங்கில் லாக்கர், எந்தப் பாலிஸி எப்போது முடிகிறது, நாமினி யார் என்பதெல்லாம் கணவன் போனில் மட்டும் பூட்டிக் கிடந்து, அவருக்கு ஒன்று என்றால் மனைவி திண்டாடுகிற வீடுகள் எத்தனை! ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இவற்றை எழுதி, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வையுங்கள். பின் நம்பரை மட்டும் அதில் எழுத வேண்டாம்.